கிடாரங்களுக்குக் கீழே இரண்டு பனிவண்டிகள்

எங்கள் வீட்டு மணியை அடிக்கிறவர்கள் என்னைத் தேடி வருவதில்லை. கிடாரத்தை, பந்திக்குச் சமைக்கிற பெரிய அண்டாவைத் தேடித்தான் வருவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஒருவரைக் கண்டதும் என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு, நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க இன்னும் கூச்சம் வந்துவிட்டது. ஆனால் கிடாரம் கேட்டு வருகிறவரோடு கதைப்பது சுலபம். "பெரிசோ, நடுத்தரமோ?" என்று கேட்கலாம். "மூடியும் வேணுமோ?" என்று கேட்கலாம். அவர்கள் சாமானைக் காரில் ஏற்றுகிற நேரத்தில், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்கு வேலை மாறியது என்பதெல்லாம் காதில் விழும். அது எனக்கு அந்தக் கிழமைக்குப் போதும்.

நாங்கள் இருப்பது பேர்ன் பக்கத்து மலையடிவாரத்தில், ஒரு சின்ன ஊர். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் விடுதிகளை நம்பி வந்தவர்கள். சிலர் சமையற்கட்டில், சிலர் அறை துப்புரவில். நான் விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருந்தேன். வந்த புதிதில் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு என்றால் சமைக்கப் பெரிய பாத்திரம் கிடையாது. எல்லாரும் சேர்ந்து கிடாரங்கள் வாங்கினோம். பிறகு தாச்சிகள், சருவங்கள், துடுப்புப் போன்ற அகப்பைகள் என்று சேர்ந்தன. என் வீட்டோடு ஒரு கராஜ் இருந்தது, என்னிடம் கார் இல்லை. அதனால் எல்லாம் என் கராஜில் தங்கிவிட்டன. என் கணவர் இருந்தவரைக்கும் வருகிறவர்களோடு அவர்தான் கதைப்பார். அவர் போன பிறகு சாவி என் கைக்கு வந்தது.

என் மகன் மலைக்கு மேலே ஒரு தங்குமனையில் சமையற்காரன். வெயில் காலத்தில் அங்கே கார் போகும். பனி விழுந்தால் பாதையை மூடிவிடுவார்கள். பிறகு மாவும் பாலும் மரக்கறியும் பனிவண்டியில்தான் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான இறப்பர்ப் பட்டி. இந்த ஊரார் அதை ஷ்னேடெஃப் என்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மகனும் மருமகளும் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் நின்றார்கள். தங்குமனையின் முதலாளிக்கு வயதாகிவிட்டது. இனி நீங்கள் இரண்டு பேரும் எடுத்து நடத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம். மருமகளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மகன்தான் தலையைச் சொறிந்தான்.

"ஒரு சிக்கல் இருக்கம்மா."

"என்ன?"

"அவர் வண்டியள் விடுற கொட்டிலை வித்துப்போட்டார். ரெண்டு வண்டியையும் பூட்டின இடத்தில வைச்சால்தான் ஓட்டுறதுக்குக் கெமைண்ட பெவிலிகுங் தரும். கீழ ஊருக்குள்ள ஒரு கராஜும் வாடகைக்கு இல்லை."

கெமைண்ட என்றால் ஊர்ச்சபை. பெவிலிகுங் என்றால் அனுமதி. அந்த இரண்டு சொல்லும் தெரியாத தமிழர் இந்த நாட்டில் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சட்டிபானையளைப் பேர்ன் நகரத்துக்குள்ள, பூம்ப்ளிஸில என்ர கூட்டாளியின்ர நிலவறையில வைக்கலாம். அவனட்டை சாமான் ஏத்திற வான் இருக்கு. கோயிலும் அவங்களுக்குக் கிட்ட. வேணுமெண்டவை அங்கை போய் எடுக்கட்டும்."

நான் "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? பிள்ளைகள் முன்னுக்கு வருகிற காரியம். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் மேலேயே தங்கப் போகிறார்கள். கீழே நான் தனியே. கிடாரங்களும் போய்விட்டால் யார் என் வீட்டு மணியை அடிப்பார்கள்? கிடாரம் இல்லாமல் சும்மா வந்து "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்கிற அளவுக்கு நான் யாரோடும் பழகியதில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பாத்திரம் கழுவினேன். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இங்கே பிறந்தவள். சொல்லாததையும் விளங்கிக்கொள்ளுவாள், பிறகு பட்டென்று சொல்லியும் விடுவாள்.

"மாமிக்குச் சட்டிபானை போறது விருப்பமில்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, பிள்ளை."

"அதுதானே, சொல்லமாட்டியள். நாங்கள் ஏன் ரெண்டையும் வைக்கேலாது? வண்டி கீழ, சட்டி மேல."

மகன் அளவு நாடாவோடு கீழே இறங்கினான். எங்கள் கராஜ் ஒரு காருக்கென்று கட்டினது. அதுவும் பழைய காலத்துச் சின்னக் கார். இரண்டு வண்டியையும் பக்கம் பக்கமாக விட்டால் நடுவில் நான் ஒருக்களித்து நடந்தாலும் சட்டைப் பொத்தான் உரசும். ஆனால் உயரம் இருந்தது. கூரையில் கொளுக்கி அடித்துப் பலகை தொங்கவிடலாம் என்று மகன் சொன்னான்.

கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டோம். அவவுக்கு என்னைவிட வயது கூட. நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாகப் படியில் "க்ரூஸெக்" சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பாஷை டொய்ச், அதாவது ஜெர்மன்; என் டொய்ச் சலவைக்கூடத்து டொய்ச். சூடு, ஈரம், கறை, மடி, கெதியாய். அதை வைத்து ஒரு மனிசியோடு என்ன கதைக்க முடியும்?

கூரையைத் துளைக்கக் கூடாது என்று அவ விரலை ஆட்டிச் சொன்னா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனா. அவவின் பழைய வைக்கோல் கொட்டிலைப் பிரித்த மரமெல்லாம் அங்கே தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கறுத்த, இரும்பு மாதிரித் தீராந்திகள், தடித்த உத்திரக் கட்டைகள். எடுங்கள் என்று கையைக் காட்டினா.

அதை வைத்து மகன் ஒரு பரண் கட்டினான். பிள்ளைகளுக்கு இரட்டைக் கட்டில் இருக்குமே, அதன் மேல்கட்டில் போல. கால்கள் சுவர் ஓரமாக, இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு வரிசைக் கால், மேலே பலகை. சுவரிலும் கூரையிலும் ஒரு ஆணி இல்லை. முடித்துவிட்டு, அப்பாடா என்று கதவை இழுத்து மூடப் பார்த்தான். கதவு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் கராஜ் கதவு திறக்கும்போது மேலெழும்பி உள்ளுக்குப் போகிற கதவு. அது இறங்குகிறபோது பரணில் முட்டிக்கொண்டது.

"நீங்கள் இவ்வளவு நாளும் இந்தக் கதவால வரேல்லையோ?" என்று மருமகள் கேட்டாள்.

"கதையை விட்டிட்டு ஒரு மரவாளைக் கொண்டா," என்றான் அவன்.

முன்பக்கத்தை அறுத்துச் சரிப்படுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை கிடாரங்கள் மேலே ஏறின. பெரிய கிடாரத்துக்குள் நடுக் கிடாரம், அதற்குள் சருவங்கள். அகப்பைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கோயில் மடைப்பள்ளி மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த கிழமை முதலாளி வண்டிகளைக் காருக்குப் பின்னால் பூட்டின இழுவையில் கொண்டுவந்தார். அவர் வண்டிகளைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்த ஆயத்தமானார். மகன் தடுத்தான். எங்கள் கராஜின் வாசல் நேர் தெற்கு. புதுத்தொழில் தொடங்குகிற வண்டி யமன் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"மூஞ்சி வடக்கை பாக்கட்டும், என்னம்மா?"

"ஓம் தம்பி, அதுதான் சரி," என்றேன் நானும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலு பேர் வாலைத் தூக்கித் திருப்பி வண்டிகளை நேராக உள்ளே விட்டார்கள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, இனி நீதானே முதலாளி என்பது போலக் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வானொலியில் பனி வருகிறது என்றார்கள். மகன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று கீழே போனான். வண்டியின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. திரும்பவும் கேட்டது. நின்றது. கொஞ்ச நேரத்தால் மருமகளின் சிரிப்பு. அது சந்தோஷச் சிரிப்பில்லை. நான் இறங்கிப் போனேன்.

"என்ன, ஓடாதாமோ?"

"ஓடும் மாமி. முன்னுக்கு மட்டும்தான் ஓடும்," என்றாள் அவள். "பின்னுக்குப் போற கியர் இல்லை. ரெண்டிலயும் இல்லை."

மகன் வண்டிக்கு மேல் உட்கார்ந்தபடி வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

பின்னால் பிடித்து இழுத்தார்கள். இறப்பர்ப் பட்டி சீமெந்துத் தரையை விடவில்லை, ஒட்டிக்கொண்டது. வாலைத் தூக்கித் திருப்ப இடமில்லை, நடுவில் பரண் கால்கள். சத்தத்தைக் கேட்டு வீட்டுக்கார அம்மாவும் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டா. வண்டிகளைப் பார்த்தா. வாசலைப் பார்த்தா. ஏன் மூக்கை உள்ளே விட்டீர்கள் என்று மருமகளிடம் கேட்டா. மருமகள் என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிறகு டொய்ச்சில் நீளமாக ஏதோ சொன்னாள். அவ தலையைத் திருப்பித் தெற்கே, ஏரிக்கு அந்தப் பக்கத்து மலைகளைப் பார்த்தா.

"என்ன சொன்னனீ?" என்று மகன் கேட்டான்.

"தெற்கில சாவுக்குப் பொறுப்பான கடவுள் இருக்கிறார் எண்டு சொன்னன்."

"அவ என்ன சொல்லுறா?"

"தெற்கில இத்தாலி எல்லோ இருக்கு எண்டு கேக்கிறா."

மகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அம்மா, பரணைக் கழட்டினால்தான் இதுகளைத் திருப்பலாம். திருப்பினாலும், உள்ளுக்கை விடுறதும் எடுக்கிறதும் ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டைதான். பரண் கால் நடுவில நிண்டால் சரிவராது. சனிக்கிழமை கூட்டாளியை வானோட வரச் சொல்லுறன்."

வான் வந்தால் கிடாரங்கள் போய்விடும். அவன் மேலே போன பிறகும் அங்கேயே நின்றேன். மூலையில், பழைய கம்பளியால் மூடி, சுவரில் சாய்த்திருந்தது சுற்றுமேடை.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கே சாமத்திய வீடு, அதாவது பெரியபிள்ளையான சடங்கு, என்றால் பிள்ளை ஒரு வட்ட மேடையில் நிற்க, மேடை மெல்லச் சுற்றும். சபை முழுக்கப் பிள்ளையின் அலங்காரத்தை முன்னும் பின்னும் பார்க்கும். மண்டபத்துக்காரர் கொண்டுவருகிற மேடையின் வாடகை எங்களுக்குக் கட்டாது என்று, எங்கள் ஆட்களே தடித்த பலகையில் ஒன்று செய்தார்கள். கீழே ஒரு தாய்மாமன் குந்தியிருந்து கயிற்றை இழுப்பார். ஒருமுறை அவர் உற்சாகத்தில் வேகமாக இழுத்து, பிள்ளை தலைசுற்றி மாமியின் மடியில் விழுந்ததும் உண்டு. இப்போது யாரும் அதைக் கேட்டு வருவதில்லை. கிடாரத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள்.

கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். மேடையின் அடியில் சுற்றிவர இறப்பர்ச் சில்லுகள், எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரங்கள். அவை எனக்கு நல்ல பழக்கம். எங்கள் சலவைக்கூடத்தில் கழித்துவிட்ட தள்ளுவண்டிகளிலிருந்து கழற்றி வந்தவை. ஈரப் படுக்கை விரிப்புகளை மலை மாதிரி ஏற்றி அவற்றைத் தள்ளியிருக்கிறேன். சுமைக்கு ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

மேலே போய் மகனிடம் சொன்னேன். "தம்பி, அந்த மேடைக்குக் கீழ சில்லு இருக்கு."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கிவிட்டது. எழும்பி இறங்கி ஓடினான். திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சமும் இருந்தது, தயக்கமும் இருந்தது.

"பலகையை நீட்டு நீட்டாய் வெட்டி, தீராந்தியில அடிச்சு, கீழ இந்தச் சில்லைப் பூட்டினால் ரெண்டு வண்டிக்கும் ரெண்டு தள்ளுபலகை வரும். வண்டி அதுக்கு மேல நிக்கும். எந்தப் பக்கமும் தள்ளலாம். பரணும் நிக்கும். ஆனால் அம்மா, அது ஊராற்றை சாமான். கேக்காமல் வெட்டேலாது."

"கேள்."

"நான் கேட்டால் என்ர வியாபாரத்துக்குக் கேக்கிறன் எண்டுவினம். சாவி உங்களட்டை. நீங்கள்தான் கேக்கோணும்."

என் கையால் நான் யாருக்கும் போன் எடுத்ததே இல்லை. வருகிற போனுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அடுத்த நாள் காலை, மருமகள் இலக்கத்தை அழுத்திப் போனை என் கையில் தந்துவிட்டு, அறையை விட்டுப் போய்விட்டாள். யாருக்கு எடுப்பதென்று நான்தான் சொல்லியிருந்தேன். பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் விடுதி ஒன்றில் காலைச் சாப்பாட்டுப் பகுதியைப் பார்க்கிற ஒருத்தி. வாய் ஓயாதவள். அவளுக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. ஆனால் அந்த மேடையில் முதல் முதல் நின்றதும் அவளுடைய மகள்தான்.

"ஆர்?"

"நான்... கிடாரக்கார அன்ரி."

"என்ன அன்ரி! நீங்களே போன் எடுத்தனீங்கள்? ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை, பிள்ளை."

"பயந்து போனன். சொல்லுங்கோ."

சொன்னேன். முழுவதும் சொன்னேன். தங்குமனை, வண்டி, யமன் திசை, பின்னுக்குப் போகாத கியர், வருகிற வான், எல்லாம். ஒரு மூச்சில் அவ்வளவு நான் கதைத்தது எனக்கே புதுமை. கடைசியில், "மேடையை வெட்டட்டோ?" என்று கேட்டேன்.

அவள் அவ்வளவு மெல்லக் கதைத்து நான் கேட்டதில்லை.

"என்ர பிள்ளை நிண்ட மேடை, அன்ரி."

"ஓம் பிள்ளை. தெரியும். வேண்டாமெண்டால் வேண்டாம்."

"அண்டைக்குச் சுத்தின சுத்தில அவள் சத்தி எடுத்தது தெரியுமோ உங்களுக்கு?" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "இப்ப அந்தக் குமர் மலை வளைவெல்லாம் மஞ்சள் பஸ் ஓட்டுது. அவளுக்கு இனி ஒருத்தரும் கயிறு இழுக்கத் தேவையில்லை. வெட்டுங்கோ. ஆனால் சட்டிபானையைப் பூம்ப்ளிஸுக்கு அனுப்பிறதெண்டு ஆர் முடிவெடுத்தது? எங்களட்டை ஒரு சொல்லுக் கேட்டியளோ? அவ்வளவு தூரம் ஆர் போறது? உங்கடை மோனைப் பிடிச்சு ரெண்டு ஏச்சு ஏசவேணும். வான் வரவேண்டாம். நான் ஆக்களோட வாறன்."

சொன்னபடியே சனிக்கிழமை வந்தாள். புருஷன், இரண்டு சமையற்காரர், துளைபோடும் இயந்திரம், தின்ன ஒரு பெட்டி ரோல்ஸ், எல்லாவற்றோடும். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் ஊரே யன்னலைத் திறந்து முறைக்கும் என்பதால் அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று ஒரே அவசரம். மேடையை வெளியே எடுத்து வைத்ததும் அவள் முதலில் அதில் ஏறி நின்றாள்.

"ஒருக்காச் சுத்துங்கோ. எனக்கு ஊரில இப்பிடி ஒண்டும் செய்யேல்லை."

"இந்த வயசில உமக்குச் சாமத்தியமோ?" என்று புருஷன் கேட்டார்.

"வாயை மூடிக்கொண்டு சுத்தும், அப்பா."

அவர் சுற்றினார். சப்பாத்தும் தடித்த குளிர்ச் சட்டையுமாக அவள் கையைக் கூப்பிக்கொண்டு எங்கள் முற்றத்தில் ஒரு வட்டம் சுற்றி வந்தாள். வீட்டுக்கார அம்மா யன்னலைத் திறந்து பார்த்துக் கை தட்டினா. பிறகுதான் வாள் வைத்தார்கள்.

வெட்டுகிற சத்தத்தில் மனம் ஒருமுறை சுருங்கியது உண்மை. ஆனால் உள்ளே மரம் புதுசு போல வெள்ளையாக இருந்தது. தீராந்திகளில் பலகையை அடித்து, சலவைக்கூடத்துச் சில்லுகளைப் பூட்டி, மேலே பழைய இறப்பர் விரிப்பு போட்டார்கள். எல்லாருமாகச் சேர்ந்து முதலில் வண்டியின் மூக்கைத் தூக்கினார்கள், பலகையைப் பாதி நுழைத்தார்கள். பிறகு வாலைத் தூக்கி மற்றப் பாதி. "மெல்ல, மெல்ல, பரண் காலில முட்டுது" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் நான் சொன்னபடி நிறுத்தினார்கள்.

மகன் ஒற்றைக் கையால் தள்ளினான். அவ்வளவு பாரமான வண்டி சத்தமில்லாமல் பின்பக்கமாக வெளியே வந்தது. முற்றத்தில் வட்டமாகத் திருப்பி, மலைப்பாதை இருக்கிற மேற்குப் பக்கம் நிறுத்தினான்.

"தெற்கையும் பாக்கேல்லை, வடக்கையும் பாக்கேல்லை," என்றாள் மருமகள். "இத்தாலிக்கும் கோபம் வராது."

புதுத்தொழில் என்றபடியால் தேங்காய் உடைத்து, எலுமிச்சங்காய் நசிக்க வேண்டும் என்றான் மகன். ஆனால் வண்டிக்குச் சில்லு எங்கே? சறுக்குப் பலகைக்குக் கீழே வைத்தால் நசியாது. கடைசியில் தள்ளுபலகையின் முன்சில்லுக்குக் கீழே வைத்தார்கள். தள்ளினால் சில்லு திரும்பிக்கொண்டது, காய் நழுவி, சாய்வான முற்றத்தால் உருண்டு தெருவுக்கு ஓடியது. ஒரு சமையற்காரர் துரத்திக்கொண்டு ஓடினார். அதற்குள் வீட்டுக்கார அம்மா தெருவில் குனிந்து எடுத்து, தன் ஏப்ரனில் துடைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து என் கையில் தந்தா. யாரோ சந்தைப் பையைத் தவறவிட்டார்கள் என்று நினைத்திருப்பா. அதைத் திரும்பவும் சில்லுக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டி எல்லாருடைய தேத்தண்ணியிலும் பிழிந்தேன். அவவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். "சூடு," என்றேன் சலவைக்கூடத்து டொய்ச்சில். "நல்லது," என்றா அவ.

அடுத்த கிழமை பனி விழுந்தது. பெவிலிகுங்கும் வந்தது. பிள்ளைகள் மேலே ஏறினார்கள். மகன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சாமான் எடுக்க இறங்கி, வண்டியை விட்டுவிட்டு, சந்தைக்குப் போய் வந்து, திரும்ப ஏறுவான். மற்ற நேரமெல்லாம் வீடு அமைதி. கராஜில் கிடாரங்கள் இருந்தன. ஆனால் எனக்கு ஒரு புதுப் பயம் வந்தது. முந்தியென்றால் ஆட்கள் வருவார்கள், கையைப் போட்டு எடுப்பார்கள், போவார்கள். கார் என்ஜினைக்கூட நிறுத்தமாட்டார்கள். இப்போது ஒரு கிடாரம் எடுப்பதென்றால், முதலில் ஒரு வண்டியை வெளியே தள்ள வேண்டும். பிறகு ஏணி. மேலே ஒருவர், கீழே ஒருவர். தனியே வந்தால் எடுக்கவே முடியாது. இவ்வளவு கரைச்சலுக்கு யார் வரப்போகிறார்கள்? மண்டபத்தில் சாப்பாட்டோடு எல்லாம் கிடைக்கிற காலம் இது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள், மகன் வண்டியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்த நேரம், மணி அடித்தது. யன்னலால் பார்த்தேன். அவள்தான், காலைச் சாப்பாட்டுப் பகுதிக்காரி. பின்னால் புருஷன். அவருக்குப் பின்னால், பஸ் சாரதியின் நீல உடுப்போடு, உயரமாக, அவர்களுடைய மகள். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள்.

"ரெண்டு பேர் காணாதெண்டு மூண்டு பேராய் வந்தம் அன்ரி. விடுதி ஆக்கள் எல்லாரும் சேந்து பொங்கிறம். பெரிசு வேணும்."

வண்டியை வெளியே தள்ளினோம். மகள் தள்ளுபலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுவோ என்ர மேடை?" என்று கேட்டாள். ஓரத்தில் பழைய பொன்னிறத் தாளின் ஒரு துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவினாள். பிறகு வண்டிக்கு மேல் ஏறி உட்கார்ந்து, "ஒருக்காத் தள்ளுங்கோ அப்பா, பாப்பம். ஆனால் மெல்ல," என்றாள். அவர் தள்ளினார். மூன்று பேரும் சிரித்த சிரிப்புக்கு வீட்டுக்கார அம்மாவும் வெளியே வந்துவிட்டா.

கிடாரம் இறங்க நேரம் எடுத்தது. ஏணியைப் பிடிப்பதும், இது வேண்டாம் அதைத் தாருங்கோ என்பதும், நடுவில் கதை வந்து வேலை நிற்பதும். விடுதியில் யார் யார் பொங்க வருகிறார்கள் என்று தாய் சொன்னாள். அவள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, நான் அவரவர் வீட்டுச் சுகம் கேட்டேன். கேட்க வேண்டியவை என்னிடம் நிறையவே இருந்திருக்கின்றன. இத்தனை வருஷம் அவர்கள் நிற்காததால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"நாளைக்கு நீங்களும் வாறியள்," என்றாள் அவள். "கிடாரம் போற இடத்துக்கு நீங்கள் வராட்டில் எப்பிடி? இதைத் திரும்ப மேல ஏத்தவும் ஆக்கள் வேணும். நாலைஞ்சு பேராய்க் கொண்டந்து விடுறம், அப்ப ஒரு நல்ல தேத்தண்ணி தாங்கோ."

"அதுக்கு ஏன் அதுவரைக்கும் பாக்கோணும்?" என்றேன். "இப்ப குடிச்சிட்டுப் போங்கோ."

கதிரை கொண்டுவந்து கராஜ் வாசலில் போட்டோம். மெல்லிசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு வண்டியின் இருக்கைதான் பிடித்தது, ஏறி உட்கார்ந்துகொண்டா. மேலே பரணில் பெரிய கிடாரம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அது வெறுமையாக இருப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

அந்த நேரம் என் போன் அடித்தது. மகன்.

"அம்மா, சந்தைச் சாமான் எடுத்திட்டன். வண்டி எடுக்க வாறன். கராஜ் வாசல்ல ஆக்கள் நிக்கினமோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். கோப்பைகளில் இன்னும் ஆவி பறந்தது.

"நிக்கினம்," என்றேன். "கொஞ்சம் பொறுத்து வா தம்பி. நாங்கள் கதைச்சு முடியேல்லை."